இணைய முகவரியின் பின்னால் இருப்பவர் யார்? பதிப்புரிமையும் அந்தரங்க உரிமையும் மோதும் வாசல்

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் இணையத்தின் வழியே பாடல்களைப் பகிர்ந்துகொண்டதாகக் குற்றம்சாட்டி, 261 தனிநபர்கள் மீது ஒரே நாளில் வழக்குத் தொடுத்தன. அவர்களில் நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வசித்த 12 வயதுச் சிறுமி ஒருவரும் இருந்தார். மறுநாளே அவரது தாயார் 2,000 டாலர் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டார்.

இந்த வழக்குகள் இசைத் திருட்டைப் பற்றிய விவாதமாகவே அப்போது பார்க்கப்பட்டன. ஆனால் அவற்றுக்குள் மற்றொரு கேள்வியும் இருந்தது. இசை நிறுவனங்களுக்கு முதலில் தெரிந்திருந்தது ஐ.பி. முகவரி எனப்படும் ஓர் எண்தொடர் மட்டுமே. அந்த எண், ஒரு குடும்பத்தின் பெயராகவும் வீட்டு விலாசமாகவும் மாறியது எப்படி, யாருடைய அனுமதியுடன் என்பதே அந்தக் கேள்வி.

குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு நேரத்தில், ஓர் ஐ.பி. முகவரி எந்தச் சந்தாதாரருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்ற விவரம் இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. எண் பெயராக மாறும் இடம் அந்தப் பதிவேடுதான். அதைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் வெவ்வேறு விடைகளைக் கூறிவந்துள்ளன.

இந்த விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. படைப்பாளியின் உரிமை பெரிதா, பயனாளியின் அந்தரங்கம் பெரிதா என்ற தத்துவ விவாதத்தால் இந்தப் பிரச்சினை எங்கும் தீர்ந்துவிடவில்லை. பெயர் கைமாறும் வாசலில் நீதிபதி ஒருவர் நிற்கிறாரா, நின்றால் அவர் என்னென்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்தே சாதாரண மனிதரின் பாதுகாப்பு அமைந்திருக்கிறது.

எழுத்தரின் கையெழுத்து போதுமா?

அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையாளர்களுக்குச் சாதகமான ஒரு பிரிவு இருக்கிறது. பதிப்புரிமை மீறப்பட்டதாகக் கருதும் ஒருவர் உரிய படிவத்தை நிரப்பி நீதிமன்றத்தில் கொடுத்தால், நீதிமன்ற எழுத்தர் அதில் கையொப்பமிட்டு, பெயரைத் தரும்படி நிறுவனத்துக்கு அழைப்பாணை அனுப்பலாம். வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை. நீதிபதி ஒருவர் அதைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த வழியில் கேட்கப்பட்ட சந்தாதாரர் விவரங்களைத் தர வெரைசன் நிறுவனம் மறுத்தது. 2003 டிசம்பர் 19ஆம் தேதி, வாஷிங்டனிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தகவலைக் கடத்திச் செல்லும் குழாயாக மட்டுமே செயல்படும் சேவை நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு, பெயர் தெரியாதவர்களைக் குறிக்கும் 'ஜான் டோ' என்ற பொதுப்பெயரின் மீது முதலில் வழக்குத் தொடுத்து, பிறகு நீதிபதியின் உத்தரவுடன் விவரம் பெறும் நிலை உருவானது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் இசை நிறுவனங்கள் இந்த நடவடிக்கையைக் கைவிட்டபோது, சுமார் 35,000 பேர் அதற்கு இலக்காகியிருந்தனர்.

எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிப்பது பிழையற்ற வேலையும் அல்ல. 2003இல் வழக்குத் தொடுக்கப்பட்டவர்களில் 66 வயதான ஒரு பெண் சிற்பியும் இருந்தார். அவர் பகிர்ந்ததாகக் கூறப்பட்டது ராப் இசை. ஆனால் குற்றச்சாட்டில் குறிப்பிடப்பட்ட மென்பொருளை இயக்கக்கூடிய கணினியே அவரிடம் இருக்கவில்லை. வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

ஐ.பி. முகவரி சுட்டுவது இணைப்புக்குக் கட்டணம் செலுத்துபவரைத்தான். கணினியின் முன் அமர்ந்திருந்தவரை அல்ல. உறவினர்களும் மாணவர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் புலம்பெயர்ந்த சமூகங்களில் ஏராளம். அத்தகைய வீடுகளில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

கடிதமே ஆயுதமானபோது

பெயரும் விலாசமும் கிடைத்த பின்னர் என்ன நடக்கும் என்பதை பிரிட்டனில் ஏ.சி.எஸ். லா என்ற வழக்கறிஞர் நிறுவனத்தின் கதை காட்டியது. சட்டவிரோதமாகப் படங்களைப் பகிர்ந்துகொண்டதாகக் கூறி ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அந்த நிறுவனம் கடிதங்களை அனுப்பியது. சில நூறு பவுண்டுகள் செலுத்திவிட்டால் வழக்கு இல்லை என்பது அக்கடிதங்களின் சாரம். குறிப்பிடப்பட்டவற்றுள் பல ஆபாசப் படங்கள். அந்தக் குற்றச்சாட்டு பொய்யானது என்று தெரிந்தாலும், பகிரங்க நீதிமன்றத்தில் நின்று அதை நிரூபிப்பதைவிடப் பணத்தைக் கட்டிவிடுவதே மேல் என்று ஒருவர் நினைக்கக்கூடும். கடிதத்தின் பலம் சட்டத்தில் இருந்ததைவிடக் கூச்சத்தில்தான் அதிகம் இருந்தது.

2010 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் இணையதளம் தாக்குதலுக்கு உள்ளானது. தளத்தை மீண்டும் இயக்க முயன்றபோது அதன் மின்னஞ்சல் சேமிப்பு வெளியே கசிந்தது. ஆபாசப் படங்களைப் பகிர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 5,000க்கும் அதிகமானவர்களின் பெயர்களும் விலாசங்களும் அதில் இருந்தன. எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. தகவல் பாதுகாப்பு ஆணையர் 2011இல் அந்த நிறுவனத்தை நடத்தியவருக்கு 1,000 பவுண்டுகள் அபராதம் விதித்தார். நிறுவனம் மூடப்பட்டிராவிட்டால் 2 லட்சம் பவுண்டுகள் விதிக்கப்பட்டிருக்கும் என்றும் அவர் தெரிவித்தார்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் மேலும் ஒரு படி சென்றது. சில வழக்கறிஞர்கள் ஆபாசப் படங்களைத் தாங்களே இணையத்தில் போட்டுவிட்டு, அவற்றைப் பதிவிறக்கியவர்களின் பெயர்களை நீதிமன்றங்கள் மூலம் பெற்று, மிரட்டிப் பணம் வசூலித்தனர். அவர்களில் ஒருவருக்கு 2019இல் 14 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவு இருந்தும் இந்த மோசடி பல ஆண்டுகள் நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. நீதிபதி இருந்தால் மட்டும் போதாது; கேட்கப்படும் பெயர்கள் எதற்குப் பயன்படப்போகின்றன என்பதையும் அவர் விசாரிக்க வேண்டும்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் காட்டிய வழி

பெயரை வெளியிடச் சொல்லும் நீதிமன்ற அதிகாரமே தவறானது என்று கூறிவிட முடியாது. அதன் வேர் இணையத்துக்கு முந்தையது. 1973இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த நார்விச் ஃபார்மகல் வழக்கு ஒரு வேதிப்பொருளின் காப்புரிமை தொடர்பானது. அதை உரிமையின்றி இறக்குமதி செய்தவர்களின் பெயர்கள் சுங்கத் துறையிடம் இருந்தன. தவறிழைத்தவர் யார் என்று தெரியாமல் பாதிக்கப்பட்டவர் நீதி பெற முடியாது என்பதால், அறியாமலேயே அத்தவறில் சம்பந்தப்பட்டுவிட்ட மூன்றாம் தரப்பு அப்பெயர்களை வெளியிட வேண்டும் என்று சபை கூறியது. நியாயமான இந்தக் கோட்பாடே காமன்வெல்த் நாடுகள் பலவற்றில் இணைய வழக்குகளுக்கும் அடித்தளமாயிற்று.

கனடாவில் 2004இல் 29 பெயர்களைக் கேட்டு இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், முன்வைக்கப்பட்ட ஆதாரம் பலவீனமானது என்று கூறி நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதிசெய்தது. 2014இல், 'த ஹர்ட் லாக்கர்' படத்தைத் தயாரித்த வோல்டேஜ் நிறுவனம், டெக்சாவி என்ற சேவை நிறுவனத்தின் சுமார் 2,000 சந்தாதாரர்களின் விவரங்களைக் கேட்டது. இம்முறை நீதிமன்றம் அனுமதித்தது, ஆனால் நிபந்தனைகளுடன். சந்தாதாரர்களுக்கு அனுப்பப்படும் கடிதத்தை நீதிமன்றம் முன்கூட்டியே பார்க்க வேண்டும். பெறுபவர் தவறு செய்தார் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்மானிக்கவில்லை என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வணிக நோக்கமற்ற மீறல்களுக்கான சட்டபூர்வ இழப்பீட்டின் உச்சவரம்பு 5,000 கனடிய டாலர் என்று 2012இலேயே சட்டம் திருத்தப்பட்டிருந்ததும் மிரட்டலின் வீச்சைக் குறைத்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 'டல்லாஸ் பையர்ஸ் கிளப்' படத்தின் உரிமையாளர்கள் 4,726 ஐ.பி. முகவரிகளுக்குரிய பெயர்களைக் கேட்டனர். 2015 ஏப்ரலில் நீதிமன்றம் கொள்கையளவில் இணங்கியது. ஆனால் அனுப்பப்போகும் கடிதத்தைக் காட்டுமாறு நீதிபதி கேட்டார். படத்தின் விலையைத் தவிர, வேறு பல பெருந்தொகைகளையும் வசூலிக்க அவர்கள் திட்டமிட்டிருப்பது அப்போது வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றை நிராகரித்த நீதிபதி, நிபந்தனைகள் மீறப்படாமல் இருக்க 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பிணைத்தொகை செலுத்தவும் உத்தரவிட்டார். நிறுவனம் இறுதியில் 2016 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டது.

கோரிக்கையில் நியாயமான பகுதி மட்டும் அனுமதிக்கப்பட்டபோது, வழக்கைத் தொடர்வதற்கான ஆதாயமே மறைந்துவிட்டது.

ஐரோப்பாவின் நகர்வு

ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் ஸ்பெயின் வழக்கொன்றில், சிவில் வழக்குகளுக்காகச் சந்தாதாரர் விவரங்களை வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று கூறியது. இரு உரிமைகளுக்கும் இடையே நியாயமான சமநிலை காணுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2011இல் பெல்ஜியம் வழக்கில், எல்லாப் பயனாளிகளின் இணையப் போக்குவரத்தையும் வடிகட்டும்படி சேவை நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அது தீர்ப்பளித்தது.

ஆனால் பிரான்ஸ் வேறொரு பாதையை உருவாக்கியது. 2009இல் அமைக்கப்பட்ட ஹடோப்பி என்ற அரசு அமைப்பு, பதிப்புரிமையை மீறியதாகக் கண்டறியப்படும் சந்தாதாரர்களுக்குப் படிப்படியாக எச்சரிக்கை அனுப்பும் பொறுப்பைப் பெற்றது. இணைப்பையே துண்டிக்கும் அதிகாரத்தையும் அந்த அமைப்புக்கு வழங்கச் சட்டம் முயன்றது. கருத்துச் சுதந்திரத்தில் இணைய வசதியும் அடங்கும், அதை நீதிபதியல்லாத ஓர் அமைப்பு பறிக்கக்கூடாது என்று கூறி அரசியலமைப்பு மன்றம் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அதைத் தடுத்தது. எனினும் பெயர்களைப் பெறும் அதிகாரம் தொடர்ந்தது. 2022 முதல் அப்பணி ஆர்கோம் என்ற அமைப்பிடம் உள்ளது.

2024 ஏப்ரல் 30ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைப் பற்றித் தீர்ப்பளித்தது. ஐ.பி. முகவரிகளும் பிற தகவல்களும் கண்டிப்பாகத் தனித்தனியே வைக்கப்படும் என்ற நிபந்தனையுடன், நீதிபதியின் முன்னனுமதி இல்லாமலேயே பெயரைப் பெறலாம் என்று அது கூறியது. ஒருவர் மீண்டும் மீண்டும் எச்சரிக்கப்பட்டு, அவர் பார்த்த படங்களின் தலைப்புகளும் பெயரும் ஒன்றுசேரும் மூன்றாம் கட்டத்தில் மட்டும், சுதந்திரமான ஓர் அமைப்பின் முன்பரிசீலனை தேவை என்றது. ஒருவர் பார்ப்பவற்றிலிருந்து அவரது அரசியல் சார்பும் பாலியல் நாட்டமும் வெளிப்படலாம் என்பதே அதற்குக் காரணம். நீதிமன்றம் அந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறது. ஆனால் முதல் இரண்டு கட்டங்களில் வாசலில் நீதிபதி இல்லை.

இதற்கு மாறாக, கனடிய உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் மாதத்தில் ஒரு குற்றவியல் வழக்கில், ஐ.பி. முகவரிக்கே அந்தரங்கப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அந்த முடிவை ஆதரித்தனர். காவல்துறை அந்த எண்ணைப் பெறுவதற்கே நீதிமன்ற அனுமதி தேவை என்பது அதன் பொருள். ஒரே ஆண்டில், இரண்டு கண்டங்களில், இரு எதிர்த்திசைகளில் சட்டம் நகர்ந்திருக்கிறது.

ஜெர்மனியில் இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. பாடகி ரிஹானாவின் இசைத்தொகுப்பு ஒரு குடும்பத்தின் இணைப்பிலிருந்து பகிரப்பட்டது. தங்கள் பிள்ளைகள் மூவரில் அதைச் செய்தவர் யார் என்று பெற்றோருக்குத் தெரியும். ஆனால் சொல்ல மறுத்தனர். பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும் அல்லது பொறுப்பைத் தாங்களே ஏற்க வேண்டும் என்று 2017இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 3,500 யூரோவுக்கும் மேல் அவர்கள் செலுத்த வேண்டியதாயிற்று. 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அவர்களது முறையீட்டை ஏற்கவில்லை.

விமர்சகரைத் தேடும் வழி

பதிப்புரிமையை உண்மையிலேயே பாதுகாக்க விரும்புபவர்கள் மட்டுமே இந்த வாசலைத் தட்டுவார்கள் என்று எண்ணிவிட முடியாது. 2020இல், பெயர் குறிப்பிடாத ஒருவர் அமெரிக்கச் செல்வந்தர் ஒருவரை விமர்சித்து, சில புகைப்படங்களுடன் ட்விட்டரில் எழுதினார். பின்னர் அப்புகைப்படங்களின் பதிப்புரிமை தன்னுடையது என்று கூறி ஒரு நிறுவனம் அவரது பெயரைக் கேட்டது. மேலே குறிப்பிட்ட, எழுத்தர் கையொப்பமிடும் அதே பிரிவுதான் பயன்படுத்தப்பட்டது. ட்விட்டர் எதிர்த்துப் போராடியதால் மட்டுமே விவகாரம் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதியின் முன் வந்தது. அவர் 2022 ஜூனில் அந்த அழைப்பாணையை ரத்துசெய்தார்.

தாயகத்து அரசியலைப் பற்றியோ, தங்கள் சமூகத்துப் பெரியவர்களைப் பற்றியோ புனைபெயரில் எழுதும் எவருக்கும் இந்த வழக்கு ஓர் எச்சரிக்கை. அவதூறு வழக்குத் தொடுக்க ஆதாரம் வேண்டும். பதிப்புரிமைப் புகாருக்கோ, பதிவில் இணைக்கப்பட்ட ஒரு புகைப்படம் போதுமானதாகிவிடலாம்.

பகிர்ந்தவரிலிருந்து கேட்டவர் வரை

வட்டம் விரிவடைவது மற்றொரு கவலை. 2008 ஜூலையில், வையாகாம் நிறுவனம் யூடியூப் மீது தொடுத்த வழக்கில், எந்தப் பயனாளி எந்தக் காணொளியைப் பார்த்தார் என்ற பதிவுகளை ஒப்படைக்குமாறு நியூயார்க் நீதிபதி உத்தரவிட்டார். கண்டனம் எழுந்ததை அடுத்து, பயனாளிகளின் அடையாளங்களை மறைத்துத் தருவதென இரு தரப்பும் உடன்பட்டன. அந்தப் பயனாளிகள் எதையும் பகிரவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான்.

2025 மே மாதத்தில் அதே நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இது மீண்டும் நிகழ்ந்தது. செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் ஓப்பன் ஏஐ மீது தொடுத்த வழக்கில், பயனாளிகள் அழித்துவிட்ட உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்குமாறு அந்நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. அந்தக் கடமை செப்டம்பர் இறுதியில் நீங்கியது. ஆனால் அடையாளங்கள் நீக்கப்பட்ட 2 கோடி சாட்ஜிபிடி உரையாடல்களை ஒப்படைக்குமாறு நவம்பரில் மற்றோர் உத்தரவு வந்தது. நோயைப் பற்றியும் குடும்பச் சிக்கலைப் பற்றியும் மனிதர்கள் தட்டச்சு செய்பவை அந்த உரையாடல்களில் அடங்கும். பெயரை நீக்கிவிட்டாலும், உரையாடலுக்குள்ளேயே ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருப்பவை எஞ்சியிருக்கக்கூடும். செய்தி நிறுவனங்களின் கோரிக்கை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் யாருடைய உரையாடல்கள் கேட்கப்படுகின்றனவோ, அவர்கள் அந்த வழக்கில் தரப்பினர் அல்லர்.

தமிழ்த் திரையும் இந்தியச் சட்டமும்

இந்தியாவில் இந்த மோதலின் முக்கிய அத்தியாயம் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது. 'கொலவெறி' பாடல் யூடியூப் வழியே உலகெங்கும் பரவியதால் பெயர்பெற்ற '3' படத்தின் தயாரிப்பாளர்கள், அந்தப் படம் சட்டவிரோதமாகப் பரவுவதைத் தடுக்க 2012இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். முன்பின் தெரியாதவர்களுக்கு எதிராக வழங்கப்படும் இத்தகைய உத்தரவுகள் இந்தியாவில் 'அசோக் குமார்' உத்தரவுகள் என்றும் அழைக்கப்படுகின்றன. உத்தரவைப் பெற்ற சேவை நிறுவனங்கள், விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுமையாகவே முடக்கின. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக அது முடிந்தது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட இந்திய உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2022இல், பயிற்சி நூல்களை அனுமதியின்றிப் பரப்பியவர்கள் பற்றிய வழக்கில், அவர்களது விவரங்களைத் தருமாறு டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராம் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிறுவனமும் பெயர்கள், தொலைபேசி எண்கள், ஐ.பி. முகவரிகள் ஆகியவற்றை ஒப்படைத்தது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்டபூர்வ உரிமை அல்லது கோரிக்கையை நிலைநாட்டத் தேவையான தகவல் பயன்பாட்டுக்குத் தனது கடமைகள் பலவற்றிலிருந்து விலக்களிக்கிறது. எத்தகைய உரிமை, எவ்வளவு ஆதாரம், யாருடைய மேற்பார்வை என்ற கேள்விகளுக்கு அந்த விலக்கில் விடையில்லை. அவற்றை நீதிமன்றங்கள்தான் வகுக்க வேண்டியிருக்கும்.

படைப்பாளிகளின் இழப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. வெளியான அன்றே திருட்டுப் பிரதி பரவும் சிறு படமொன்றின் தயாரிப்பாளருக்கு, நீதிமன்றமே கடைசி நம்பிக்கை. அவரிடம் வாசலை முற்றாக மூடிவிடுவது நியாயமாகாது. ஆனால் ஆதாரத்தைச் சோதித்து, அனுப்பப்போகும் கடிதத்தைப் படித்துப் பார்த்து, பெயர் கேட்கப்படுபவருக்கு எதிர்க்க அவகாசம் தந்து, பெறப்பட்ட விவரம் வேறு எதற்கும் பயன்படாது என்ற பிணையைக் கேட்பது நீதிபதியால் இயலாத காரியமல்ல. சிட்னியிலும் டொரன்டோவிலும் நீதிபதிகள் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

2003இல் நியூயார்க் தாயாரின் பெயர் கைமாறியபோது, அவருக்காகக் கேள்வி கேட்க அந்த வாசலில் எவரும் இருக்கவில்லை. இன்று கேட்கப்படுவது பெயர் மட்டுமல்ல. பார்த்ததும் கேட்டதும் அழித்ததும்கூட. பதிவேடுகள் பெருகப் பெருக, வாசலில் நிற்கும் அந்த ஒருவரின் பொறுப்பும் பெருகுகிறது.